டயர் ரிம்மில் உட்கார மறுத்தால்: காற்றைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன். பின்சக்கரத்துக்கு 100/90-17 அளவுள்ள புதிய ட்யூப்லெஸ் டயரை வீட்டிலேயே மாட்டியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் ‘டப்’ என்ற ஓசையோடு உட்கார்ந்துவிட்டது. மறுபக்கத்தில் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் டயரின் விளிம்பு ரிம்முக்குள் அமுங்கியே நிற்கிறது. 45 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்தும் அது அசையவில்லை. பஞ்சர் கடைக்காரரோ, “ஓட்டுங்க, ஓட ஓடத் தானா உட்கார்ந்துரும்” என்கிறார். அவர் சொல்வதை நம்பி ஓட்டலாமா, அல்லது 60, 70 என்று அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்த டயரில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். உட்காராத டயருக்குள் 45 பி.எஸ்.ஐ. அடைத்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் அமர்ந்து யோசிப்பது நல்லதல்ல. உங்கள் டயருக்குக் காற்று போதாமல் இல்லை, வழுக்கல்தான் போதவில்லை. இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டித் தோற்கிறார்கள். உராய்வைக் குறைத்தவருக்கு அதே டயர் 30 பி.எஸ்.ஐ.யிலேயே உட்கார்ந்துவிடும்.

ஏன் என்பதற்கு ரிம்மின் உட்புற வடிவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டயரின் இரு விளிம்புகளிலும் ரப்பருக்குள் எஃகுக் கம்பிகளால் ஆன வளையம் ஒன்று இருக்கிறது. இதைத்தான் பீட் என்கிறார்கள். இந்த வளையம் நீளாது. நீளாத வளையத்தை அதைவிட உயரமான ரிம் உதட்டை, அதாவது ரிம்மின் வெளிவிளிம்பை, தாண்டி எப்படி உள்ளே கொண்டுபோவது என்ற சிக்கலுக்கு 1890ஆம் ஆண்டிலேயே சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர் காப்புரிமையோடு விடை சொல்லிவிட்டார்: ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும். பீடின் ஒரு பகுதியைப் பள்ளத்தில் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும் தளர்ச்சியைக் கொண்டு மீதியை உதட்டுக்கு மேலே தாண்டவைக்கலாம். நீங்கள் லீவர் போட்டு டயரை ஏற்றும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பிடிப்பதன் காரணம் இதுதான்.

பள்ளத்துக்கு இருபுறமும், உதட்டை ஒட்டி, பீட் அமர வேண்டிய மேடை இருக்கிறது. இந்த மேடை மட்டமானதன்று; உதட்டை நோக்கிச் செல்லச் செல்லச் சிறிது உயர்ந்துகொண்டே போகும் சரிவு. பீடின் விட்டம் இந்த மேடைக்கு இறுக்கமாகப் பொருந்தும்படியே செய்யப்பட்டிருப்பதால், ஆப்பு இறங்குவதுபோல அது வெளிநோக்கி நகர நகர இறுகிக்கொள்கிறது. ட்யூப்லெஸ் டயருக்கென்று செய்த அலாய் ரிம்களில் இன்னொன்றும் உண்டு. மேடைக்கும் பள்ளத்துக்கும் நடுவில், சுற்றிலும் ஒரு சிறு வரப்பு. ஓடும்போது காற்று இறங்கிவிட்டாலும் பீட் உடனே பள்ளத்துக்குள் விழாமல் இந்த வரப்புதான் தடுக்கிறது. டயரை உட்கார வைப்பது என்றால், காற்றழுத்தத்தின் துணையோடு பீடை அந்த வரப்பின் மீது ஏற்றி மறுபுறம் மேடையில் இறக்குவது என்று பொருள். நீங்கள் கேட்கும் ‘டப்’ ஓசை, பீட் வரப்பைத் தாண்டி உதட்டில் மோதும் ஓசைதான். நெருக்கடியில் உயிரைக் காப்பதற்காக வைத்த வரப்பே மாட்டும்போது உங்களைப் படுத்துகிறது.

இப்போது அந்த ஒரு சாணுக்கு வருவோம். கடைசியாக நிற்கும் பகுதி ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? வளையம் நீளாது என்பதை நினைவில் வையுங்கள். முக்கால் வட்டத்துக்கு மேல் பீட் ஏற்கெனவே உயரமான மேடையில் ஏறிவிட்டதால், மீதமுள்ள பகுதியை அது தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ரப்பர் உலர்ந்திருந்தால், ரிம்மோடு ஒட்டிக்கொண்டு நகராது. அழுத்தத்தை ஏற்றினால் தள்ளும் விசை கூடுவது உண்மைதான். ஆனால் ரப்பரை உலோகத்தின்மீது அழுத்திப் பிடிக்கும் விசையும் கூடவே ஏறுகிறது. உராய்வும் அதோடு வளர்கிறது. அதனால்தான் 35-இல் நகராத பீட் 45-இலும் நகராமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

அழுத்தத்தை இன்னும் ஏற்றுவதன் ஆபத்தை ஒரு தோராயக் கணக்கால் உணரலாம். 17 அங்குல ரிம்மில் 100/90 டயரின் பீடை வெளிநோக்கித் தள்ளும் பரப்பு, பீடிலிருந்து பக்கச் சுவரின் மிக அகன்ற இடம் வரையிலான வளையப் பகுதி. அது 670 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். 40 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.8 கிலோ. இரண்டையும் பெருக்கினால், ஒரு பக்கத்து பீடின்மேல் மட்டும் சுற்றிலும் பரவி நிற்கும் விசை 1,900 கிலோவை ஒட்டி வருகிறது. 70 பி.எஸ்.ஐ. என்றால் அது மூன்று டன்னைத் தாண்டிவிடும். மாட்டும்போது லீவரால் பீட் கம்பி எங்காவது மடங்கியிருந்தாலோ அறுந்திருந்தாலோ, அந்த விசை முழுவதும் ஒரு நொடியில் வெளியே வரும். விரல் போன கதைகளும் மண்டை உடைந்த கதைகளும் டயர் தொழிலில் இருப்பவர்களிடம் நிறைய உண்டு. டயரின் பக்கச் சுவரில் உட்கார வைப்பதற்கான உச்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருந்தால் அதுவே எல்லை. அப்படி எதுவும் இல்லாவிட்டால் 40 பி.எஸ்.ஐ.யை எல்லையாகக் கொள்ளுங்கள். நான் அதற்குமேல் போவதில்லை.

‘ஓட ஓட உட்கார்ந்துவிடும்’ என்ற சொல்லில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஓடும்போது டயர் சூடாகும். சூடான ரப்பர் இளகும். சில வேளைகளில் சிறு குறைகள் அப்படிச் சரியாகிவிடுவதும் உண்டு. ஆனால் 45-இல் நகராததை 30 பி.எஸ்.ஐ. நகர்த்தும் என்று எதிர்பார்த்து, அதுவரை கோணலாகச் சுற்றும் சக்கரத்தில் பயணம் செய்யச் சொல்கிறார் அவர். பீட் அமுங்கிய இடத்தில் டயரின் ஆரம் குறைந்திருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒருமுறை துள்ளும். வேகம் கூடக் கூட அது அதிர்வாக மாறும். அதோடு, மேடையில் அமராத பீடுக்குக் காற்றைத் தடுத்து நிறுத்தும் உறுதியும் கிடையாது. வளைவில் சாயும்போதோ, ஒரு பள்ளத்தில் விழும்போதோ காற்று மொத்தமாக வெளியேறிவிடக்கூடும். கடைக்காரரின் நேரத்தை மிச்சப்படுத்தும் அறிவுரை இது. விலை கொடுப்பவர் நீங்கள்.

இனி வேலைக்கு வருவோம். காற்றை இறக்கியபின் வால்வு பின்னை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு ஊசியை) கழற்றி எடுத்து, தொலையாத இடத்தில் வையுங்கள். சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகளின்மேல் படுக்கவையுங்கள். பிரேக் டிஸ்க் உள்ள பக்கம் கீழே வந்தால் எடை டிஸ்க்கின்மேல் விழாதபடி கட்டைகள் டயரைத் தாங்க வேண்டும். குறை உள்ள பக்கத்து பீடை மீண்டும் பள்ளத்துக்குள் தள்ளிவிடுங்கள். அமுங்கிய அந்த ஒரு சாணை மட்டும் தள்ளினால் போதாது. அரை வட்டமாவது உள்ளே போக வேண்டும், முழு வட்டமும் போனால் இன்னும் நல்லது. புதிய டயர் என்பதால் குதிகாலால் மிதித்தாலே இறங்கிவிடும். இறங்காவிட்டால் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை ரிம் உதட்டை ஒட்டிய ரப்பரின்மேல் வைத்து, அந்த வண்டியை ஸ்டாண்டு உள்ள பக்கமாக மெல்லச் சாய்த்தால் போதும். பெரிய எந்திரம் எதுவும் தேவைப்படாது.

பீட் உள்ளே போனதும் மேடையைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். பழைய டயரின் ரப்பர் துணுக்குகள் கருப்புப் படலமாக ஒட்டியிருக்கலாம். அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்திருக்கலாம். மழைநீரும் கடற்காற்றும் படும் ஊர்களில் இது சாதாரணம். முன்பு பஞ்சருக்காக ஊற்றிய சீலண்ட் காய்ந்து கட்டியாகப் படிந்திருக்கலாம். இவற்றில் எதுவும் ஒரு மில்லிமீட்டர் உயரம் இருந்தாலே பீட் அங்கே நின்றுவிடும். மென்மையான உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அலாய் ரிம்மில் கம்பி பிரஷ்ஷை ஓங்கித் தேய்க்க வேண்டாம். கீறல் வழியாகப் பிறகு காற்று கசியும்.

இந்தத் தேய்ப்பு வேலையை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது ஒரு பழைய வண்டியின் ரிம்மால். அழகுக்காகப் பவுடர் கோட்டிங் கொடுத்து வாங்கிய ரிம் அது. இரண்டு மாலைகள் அதோடு போராடினேன். சோப்பு மாற்றினேன், கம்ப்ரஸர் மாற்றினேன், டயரைக் குறை சொன்னேன், கடைசியில் டயர் விற்றவரையும் குறை சொன்னேன். மூன்றாம் நாள் கழற்றிப் பகலில் பார்த்தபோதுதான், வண்ணம் பூசியவர் மேடையை மறைக்காமல் அதன்மீதும் தடிப்பாக இரண்டு பூச்சு விட்டிருந்தது தெரிந்தது. ஆப்பு போன்ற பொருத்தத்தில் அந்தத் தடிப்பு எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மேடையில் இருந்த பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகு டயர் 32 பி.எஸ்.ஐ.யில் உட்கார்ந்தது. உங்கள் ரிம்முக்கும் அண்மையில் வண்ணம் அடித்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது வழுக்கல். டயர் மாட்டுவதற்கென்றே விற்கும் பசை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை நீரில் நுரை வரும் அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். நீர் அதிகமாகி ஓடிவிடவும் கூடாது, சோப்பு அதிகமாகிப் பிசுபிசுக்கவும் கூடாது. பெயிண்ட் பிரஷ் ஒன்றால் பீடின் வெளிமுகம், அடிமுகம், ரிம்மின் மேடை, வரப்பு, உதட்டின் உட்புறம் என எல்லா இடத்திலும் தடவுங்கள். பெரும்பாலோர் வெளியே தெரியும் ரப்பரில் மட்டும் தடவிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் வழுக்க வேண்டியது பீடின் அடிமுகமும் வரப்பும்தான். குறை இருந்த இடத்தில் இருமடங்கு தடவுங்கள். தடவியபின் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். வெயிலில் ஐந்து நிமிடத்தில் சோப்பு காய்ந்துவிடும். காய்ந்த சோப்பு ரப்பரை ரிம்மோடு ஒட்டவைக்கவே செய்யும்.

கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல் ஆகியவற்றைத் தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இவை டயரை உட்கார வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை காய்வதில்லை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்து மெல்லக் கெடுக்கும். அதைவிட உடனடியான கேடு ஒன்றும் உண்டு: பிரேக் பிடிக்கும்போது ரிம் நின்று, டயர் மட்டும் அதன்மேல் வழுக்கி நகரும். ட்யூப் உள்ள சக்கரமாக இருந்தால் அந்த நகர்வு வால்வை வேரோடு பிய்த்துவிடும். சிலிகோன் தெளிப்பானைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். தேங்காய் எண்ணெயை ஆபத்தில்லாததென்று நினைத்துத் தடவுபவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

டயர் விறைப்பாக இருந்தால் அரை மணி நேரம் வெயிலில் வைத்து எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல பயன் அரிது. உதகையிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் மாட்டுபவர்கள் வெந்நீரில் நனைத்த சாக்கைப் பக்கச் சுவரின்மேல் போட்டுவைக்கலாம். நெருப்பில் காட்டக் கூடாது. இங்கே டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயர் புதிய விலைக்கு விற்கப்பட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். அது உட்கார மறுப்பதில் வியப்பில்லை.

இப்போது காற்று. வால்வு பின் வெளியிலேயே இருக்கட்டும். அந்தச் சிறு பின் காற்றுப் பாதையில் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது; அது இல்லாவிட்டால் காற்று ஒரே வீச்சில் நுழையும். பீடை வரப்பின்மேல் ஏற்றுவதற்கு, மெதுவாக ஏறும் 40 பி.எஸ்.ஐ.யைவிடத் திடீரென்று வரும் 25 பி.எஸ்.ஐ. பயனுள்ளது. உங்கள் டயரின் உள்கொள்ளளவு பத்து லிட்டரை ஒட்டியிருக்கும். அதை 40-க்கு ஏற்ற, வெளிக்காற்றுக் கணக்கில் 27 லிட்டர் போதும். தொட்டியுள்ள கம்ப்ரஸர் இதைச் சில நொடிகளில் கொடுத்துவிடும். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கம்ப்ரஸருக்கு அதே வேலை நிமிடக்கணக்கில் ஆகும். பீட் ஏற்கெனவே காற்றைப் பிடித்துக்கொண்ட டயருக்கு அதுவும் உதவும், பிடிக்காத டயருக்கு உதவாது.

சக்கரத்தை நிமிர்த்தி, குறை இருந்த இடம் மேலே வருமாறு நிறுத்துங்கள். கீழே இருந்தால் ரிம்மின் எடை அந்த பீடைப் பள்ளத்துக்குள்ளேயே அழுத்திக்கொண்டிருக்கும். கவ்விப் பிடிக்கும் முனையும் நீண்ட குழாயும் உள்ள அளவுமானி இருந்தால் தள்ளி நின்றே காற்றடிக்கலாம். பக்கச் சுவருக்கு எதிரே நிற்காமல், டயரின் ஓடுதளத்துக்கு நேராகத் தள்ளி நில்லுங்கள். பீடுக்கும் உதட்டுக்கும் இடையில் எந்த நிலையிலும் விரல் போகக் கூடாது. குழந்தைகளும் பூனைகளும் இந்த நேரத்தில்தான் பக்கத்தில் வருவார்கள். முதலில் அவர்களை அப்புறப்படுத்துங்கள். தொட்டியின் அழுத்தத்தையும் மறந்துவிடாதீர்கள்: பஞ்சர் கடைத் தொட்டிகளில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும், வால்வு பின் இல்லாத டயர் அதை நோக்கி விரைந்து ஏறும். அதனால் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை நிறுத்தி அளவு பாருங்கள்.

20 பி.எஸ்.ஐ.யில் ஒருமுறை நின்று சுற்றிப் பாருங்கள். 30-இல் மீண்டும் பாருங்கள். 40 வந்தும் குறை நீங்கவில்லையென்றால் அங்கேயே காத்திருந்து பயனில்லை. காற்றை முழுதும் இறக்கி, அந்த இடத்தை மறுபடி உள்ளே தள்ளி, சோப்பைப் புதுப்பித்து, டயரை ரிம்மின்மேல் கால்வட்டம் சுழற்றிவைத்து மீண்டும் தொடங்குங்கள். சுழற்றுவதில் ஒரு நன்மை உண்டு. குறை டயரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் டயரின் பீடில் கோளாறு; ரிம்மில் அதே இடத்திலேயே நின்றால் ரிம்மில் கோளாறு. இந்த ஒரு சோதனை பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும். ரிம்மில் என்றால், பள்ளத்தில் அடிபட்டு உதடு நெளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பீடில் என்றால், லீவர் போட்ட இடத்தில் கம்பி மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடங்கிய கம்பியுள்ள டயரை, அது புதிதே ஆனாலும், மாட்டக் கூடாது. கழிக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும், எனினும் கழித்துவிடுங்கள்.

ரப்பர் சுத்தியால் ஓடுதளத்தில் தட்டுவது உதவுமா என்றால், குறைந்த அழுத்தத்தில் உதவும். 15 பி.எஸ்.ஐ. அளவில் குறையுள்ள இடத்துக்கு நேரே ஓடுதளத்தில் நாலைந்து தட்டு தட்டினால், ஒட்டிக்கொண்டிருக்கும் பீட் சற்று விடுபடும். இரும்புச் சுத்தி வேண்டாம், பக்கச் சுவரில் அடிக்க வேண்டாம், 40-இல் நிற்கும் டயரை எதனாலும் அடிக்க வேண்டாம்.

உங்களுக்கு வராத, ஆனால் இதே வேலையில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சில டயர்கள் கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டோ கயிற்றால் இறுகக் கட்டப்பட்டோ கிடந்து, இரண்டு பீடுகளும் ஒன்றையொன்று நெருங்கிச் சுருங்கியிருக்கும். ரிம்மில் மாட்டினால் இருபுறமும் இடைவெளி. அடிக்கும் காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போய்விடும். உளுந்தூர்ப்பேட்டை அருகே நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஒரு பெரியவர் இதற்குச் செய்த வைத்தியத்தை நான் மறக்கவில்லை. ஓடுதளத்தின் நடுவே சுற்றிலும் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டினார். முடிச்சுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினார். நடுப்பகுதி உள்ளே அழுந்த, இரண்டு பீடுகளும் தாமாக வெளியே விரிந்து ரிம்மைத் தொட்டன. காற்று பிடித்த அடுத்த நொடியே குச்சியை விட்டுவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது அதுதான்: ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறியதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் கயிறு அறுந்து அடிக்கும், அல்லது குச்சி சுழன்று கையைப் பதம் பார்க்கும். சாமான் கட்டும் ராட்செட் பட்டை வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பொருத்தமான அளவுள்ள ட்யூப் ஒன்றை உள்ளே போட்டுக் காற்றடித்து ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் டயர் தன் வடிவத்துக்குத் திரும்பியிருக்கும்; இரண்டு பீடுகளும் உட்கார்ந்தும் இருக்கும். பிறகு ஒரு பக்கத்து பீடை மட்டும் இறக்கி ட்யூபை உருவிக்கொண்டு, வால்வைப் பொருத்தி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மீண்டும் உட்கார வைத்தால் போதும். கால்பம்பு மட்டுமே வைத்திருப்பவர்கள்கூட இந்த வழியில் வென்றிருக்கிறார்கள்.

பெட்ரோலைத் தெளித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்பில் எழும் அழுத்தத்தை யாராலும் அளவிட்டு நிறுத்த முடியாது. தெளித்த அளவு சற்றுக் கூடினால் டயரும் ரிம்மும் சேர்ந்து தாங்காது; எரியாத ஆவி உள்ளேயே தங்கிவிட்டால், பின்னால் பஞ்சர் ஒட்டுபவர் சூடான கருவியை நுழைக்கும்போது அவர் முகத்தில் வெடிக்கக்கூடும். கயிறும் குச்சியும் செய்யும் வேலைக்கு இந்தச் சாகசம் தேவையில்லை.

ஸ்போக்ஸ் சக்கரத்தில் ட்யூபோடு மாட்டுபவர்களுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. அவற்றின் ரிம்களில் பொதுவாக அந்த வரப்பு இருப்பதில்லை. ஆகவே உட்காருவது எளிது. ஆனால் குறை நின்றால் அதற்குப் பெரும்பாலும் ட்யூபே காரணம்: பீடுக்கும் மேடைக்கும் நடுவே ட்யூபின் ஒரு மடிப்பு மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது வால்வின் அடித்தடிப்பின்மேல் பீட் ஏறி நின்றிருக்கும். அதனால் வால்வு மரையை முதலிலேயே இறுக்கிவிடாமல், வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, பீட் அதற்குக் கீழே போய்விட்டதை உறுதிசெய்த பிறகே காற்றடிக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு ஒருமுறை முழுதும் காற்றை இறக்கி மீண்டும் அடித்தால் ட்யூபின் சுருக்கங்கள் நீங்கும். ட்யூபில் சிறிது டால்க் பவுடர் தூவிப் போட்டால் அது எளிதாக நகர்ந்துகொள்ளும்.

எல்லாம் செய்தும் தோற்றால் அளவைச் சரிபாருங்கள். ரிம்மின் உட்புறத்திலோ ஆரக்காலிலோ 17 × எம்.டி. 2.50 என்பதுபோல் பொறித்திருக்கும். 17 என்பது விட்டம், 2.50 என்பது அகலம், இரண்டும் அங்குலத்தில்; எம்.டி. என்பது ரிம்மின் வடிவ வகை. 100/90 டயருக்கு 2.50 அங்குல ரிம் உகந்தது, 2.15 முதல் 2.75 வரை ஏற்கத்தக்கது. வண்டி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 130, 140 அகலமுள்ள டயரை 2.50 ரிம்மில் திணிப்பவர்களுக்கு பீடுகள் கிள்ளப்பட்டு, காற்று பிடிப்பதிலிருந்தே தொல்லை தொடங்கிவிடும். அது உட்கார்ந்தாலும் ஓடுதளம் தேவைக்கு மேல் வளைந்து நிற்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. விட்டம் ஒரு அங்குலம் தவறியிருந்தால் எந்தத் தந்திரமும் பலிக்காது, பலிக்கவும் கூடாது.

உட்கார்ந்துவிட்டதா என்பதற்கு ஓசை சான்றாகாது. நன்றாக வழுக்கும் பீட் சத்தமே இல்லாமல் ஏறிவிடும். ‘டப்’ என்று கேட்ட பிறகும் நான்கு விரல் அளவு குறை நிற்கலாம். ரிம் உதட்டுக்குச் சற்று மேலே, டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று வார்க்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கங்களிலும், முழுச் சுற்றிலும், அந்தக் கோடு உதட்டிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டாலே நான் காற்றை இறக்கி மறுபடி தொடங்குவேன். சக்கரத்தை வண்டியில் மாட்டியபின் ஒரு பென்சிலை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் கட்டி, அதன் முனை ஓடுதளத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துச் சுற்றிப் பார்த்தால், எஞ்சியிருக்கும் கோணலும் தெரிந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்பதை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மாட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவரின் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு வால்வு பின்னைத் திருகி, வண்டியின் செயின் கவரிலோ கையேட்டிலோ குறித்திருக்கும் அழுத்தத்துக்குக் காற்றை வையுங்கள். பீடைச் சுற்றியும் வால்வின் அடியிலும் சோப்பு நீரை ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உள்ளே தடவிய சோப்பு காய ஓரிரவாவது விடுங்கள். அன்றே ஓட்ட வேண்டியிருந்தால் திடீர் பிரேக்கையும் திடீர் ஆக்சிலரேட்டரையும் தவிர்த்து ஓட்டுங்கள். ஈரமான பீட் ரிம்மின்மேல் நகர்கிறதா என்று அறிய, வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைக்கலாம். புது ரப்பரின் மேற்பரப்பும் வழுக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவுகளில் அதிகம் சாய்க்க வேண்டாம். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், அழுத்தத்தை அளந்து பாருங்கள். 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கியிருந்தால், முன்பு குறை நின்ற அதே இடத்தில் சோப்பு நீரை மீண்டும் ஊற்றுங்கள். குமிழி அங்கேதான் வரும் என்பது என் ஊகம்.